செப்டம்பர் விடுமுறைக்குக் கடலோரத்தில் ஒரு குடில்: பாசிர் ரிஸ், பிந்தான், தியோமான், யார்க்‌ஷயர்

செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் சிங்கப்பூரில் வரும் பள்ளி விடுமுறை, முன்னும் பின்னும் உள்ள வாரயிறுதிகளைச் சேர்த்தாலும் ஒன்பது நாள்தான். தமிழ்நாட்டுக்குப் போய் உறவினர் வீடுகளையெல்லாம் சுற்றி வர அது போதாது. அதை வீட்டுக்குள்ளேயே கழித்துவிடவும் மனம் வராது. கடலோரத்தில் ஒரு குடிலை வாடகைக்கு எடுத்து நான்கைந்து நாள் தங்கி வரலாம் என்ற பேச்சு பல குடும்பங்களில் இதற்காகவே எழுகிறது. அப்படி எண்ணுவோருக்கு முக்கியமாக நான்கு வழிகள் உள்ளன: உள்ளூரில் பாசிர் ரிஸ் அல்லது சாங்கியில் ஒரு ஷாலே (கடலோர விடுமுறை வீடு), படகில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள இந்தோனேசியத் தீவான பிந்தான், மலேசியாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள தியோமான் தீவு, உண்மையான இலையுதிர் காலத்தையே பார்த்துவிட வேண்டும் என்போருக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் பிறர் துணையின்றிப் படகில் ஏறி இறங்கக்கூடிய குடும்பத்திற்கு, இந்த ஒரு வாரத்தைப் பொறுத்தவரை, தியோமானே சிறந்தது. முழங்கால் வலியுள்ள பாட்டியோ கைக்குழந்தையோ உடன் வருவதாக இருந்தால் பாசிர் ரிஸ் மேல். பிந்தானை மூன்றாவதாகத்தான் வைப்பேன். யார்க்‌ஷயரின் கணக்கே வேறு.

இந்த வரிசைக்கு முதற்காரணம் பருவம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இவ்வட்டாரத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. மலாய்த் தீபகற்பத்தின் கிழக்குக் கரை அந்தக் காற்றுக்கு மறைவில் இருப்பதால், அங்கே இம்மாதங்களில் கடல் பெரும்பாலும் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அதே கரையில் அலை உயர்ந்து, படகுச் சேவை குறைந்து, தீவில் உள்ள தங்குமிடங்களில் பல பிப்ரவரி வரை கதவடைத்துவிடுகின்றன. ஆகவே தியோமானை டிசம்பர் விடுமுறைக்குத் தள்ளிப்போட நினைப்பவர், உண்மையில் அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுகிறார். பாசிர் ரிஸ்ஸுக்கும் பிந்தானுக்கும் இந்தக் கெடு இல்லை. டிசம்பரிலும் அவை திறந்தே இருக்கும்.

அதே தென்மேற்குப் பருவம் புகைமூட்டத்தையும் கொண்டுவரக்கூடும் என்பதை மறக்கக்கூடாது. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடும் சதுப்புநிலமும் எரியும் ஆண்டுகளில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை காற்றின் தரம் கெடுகிறது. 2015 செப்டம்பர் 25 அன்று சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிகளையும் உயர்நிலைப்பள்ளிகளையும் மூட வேண்டியதாயிற்று. 2019 செப்டம்பரிலும் புகை வந்தது. புகை வரும் ஆண்டில் பாசிர் ரிஸ், பிந்தான், தியோமான் மூன்றுமே பாதிக்கப்படலாம் என்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு ஓடுவதில் பயனில்லை. பிள்ளைகளில் யாருக்கேனும் ஆஸ்துமா இருந்தால், கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும் இடமா என்பதை வாடகைத் தொகைக்கும் முன்பாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். விடியற்காலையில் திடீரென்று அடித்து வரும் ‘சுமத்ரா’ புயல்காற்றும் இம்மாதங்களுக்கே உரியது. அது பெரும்பாலும் நண்பகலுக்குள் ஓய்ந்துவிடுவதால் மாலை நிகழ்ச்சிகளைக் கெடுப்பது குறைவு. படகுப் பயணத்தைக் காலையில் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது தலைவலி.

பாசிர் ரிஸ் ஷாலேக்களைப் பற்றிச் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. முதற்பிறந்தநாள், இருபத்தோராம் பிறந்தநாள், தேர்வு முடிந்த கொண்டாட்டம் என்று ஏதோ ஒரு காரணத்திற்காக எல்லாரும் அங்கே ஒரு மாலைப்பொழுதையாவது கழித்திருப்போம். என்டியுசி கிளப் நடத்தும் டௌன்டவுன் ஈஸ்ட் தங்குமிடம் பாசிர் ரிஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்திற்கு அருகிலேயே உள்ளது. சாங்கியில் சிவில் சர்வீஸ் கிளப்பின் ஷாலேக்கள் உள்ளன. இத்தகைய இடங்களில் உறுப்பினர்களுக்குக் கட்டணம் குறைவு என்பதால், குடும்பத்தில் யாரிடம் எந்த உறுப்பினர் அட்டை உள்ளது என்று விசாரிப்பதுதான் முதல் வேலை. பெரும்பாலும் ஒரு சித்தப்பாவிடமோ அத்தையிடமோ அது இருக்கும்.

ஷாலேயின் மெய்யான மையம் அறை அன்று. வெளியே உள்ள பார்பிகியூ அடுப்புதான். வீட்டிலேயே மஞ்சளும் மிளகாய்த்தூளும் தயிரும் பிசறி இரவு முழுவதும் ஊறவைத்த கோழி இறக்கைகள், கணவாய், இறால், வாழையிலையில் சுற்றிய ‘ஒத்தாக்’ (மசாலா மீன் விழுது), வெண்ணெய் தடவிய சோளம் எல்லாம் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும். கரி பிடிப்பதற்குள் ஒரு மாமா அட்டைப்பெட்டியைக் கிழித்து விசிறத் தொடங்குவார். இன்னொருவர் அவர் விசிறும் முறை தவறென்று விளக்குவார். கரி சாம்பல் பூத்துத் தணலான பிறகே இறக்கைகளை வைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தும், பசித்த பிள்ளைகளுக்காக முதல் தட்டு எப்போதும் தீக்கொழுந்தின்மேல் வைக்கப்பட்டு, மேலே கருகி உள்ளே வேகாமல்தான் வரும். இதில் நாட்காட்டியும் நமக்குச் சாதகமாக உள்ளது. விடுமுறை ஆவணியில் வருகிறது. புரட்டாசி பிறப்பது செப்டம்பர் 17-ஐ ஒட்டி. புரட்டாசி விரதம் இருக்கும் வீடுகளுக்கு, அசைவம் சுட்டு உறவோடு உண்ண இதுவே ஏற்ற கடைசி வாரம்.

ஆனால் கடலில் இறங்க வேண்டும் என்பவர்களுக்குப் பாசிர் ரிஸ் ஏமாற்றமே தரும். அதன் எதிரே உள்ள ஜோகூர் நீரிணை குறுகலானது. திறந்த கடலைப் போல அங்கே நீர் ஓடித் தெளிவதில்லை. பாசிர் ரிஸ் கடற்கரையில் நீந்த வேண்டாம் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் கடந்த காலத்தில் அறிவுறுத்தியும் உள்ளது. அங்கே கடல் என்பது உட்கார்ந்து பார்ப்பதற்குரியது. சாங்கியில் 2.2 கிலோமீட்டர் நீளமுள்ள கரையோர நடைபாதையில் மாலையில் நடக்கலாம். சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து, 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும் பம்போட் எனும் சிறு படகில் ஒருவழிக்குத் தலைக்கு 4 வெள்ளி கொடுத்துப் புலாவ் உபின் தீவுக்குப் போய் வரலாம். மற்றொரு குறை, வீடு மிக அருகில் இருப்பது. இரண்டாம் நாள் காலையிலேயே யாராவது ஒருவர் “அலுவலகத்தில் சின்ன வேலை, மதியத்திற்குள் வந்துவிடுகிறேன்” என்று கிளம்பிவிடுவார். ஆயினும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். எழுத்துத் தேர்வு செப்டம்பர் இறுதியில் வந்துவிடும். இரண்டு இரவு ஷாலேயில் தங்கி, மூன்றாம் நாள் துணைப்பாட வகுப்புக்கு அனுப்பிவிடும் வசதி வேறெங்கும் கிடையாது.

உள்ளூரிலேயே தீவு வேண்டும் என்போருக்கு, 2023 முதல் லாசரஸ் தீவில் சிறு குடில்கள் கிடைக்கின்றன. மரீனா சவுத் படகுத்துறையிலிருந்து செயிண்ட் ஜான்ஸ் தீவுக்குப் படகில் சென்று, இரு தீவுகளையும் இணைக்கும் பாதையில் நடந்து போக வேண்டும். நீர் பாசிர் ரிஸ்ஸைவிட நன்று. ஆனால் குடில் இருவர், மூவருக்குத்தான் போதும், உணவுப்பொருளையும் சுமந்து செல்ல வேண்டும். கூட்டுக்குடும்பத்திற்கு அது சரிப்படாது.

பிந்தானைப் பலரும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பதற்கு நியாயமான காரணங்கள் உள்ளன. தானா மேராப் படகு முனையத்திலிருந்து ஒரு மணி நேரம். பிந்தானின் நேரம் நம்மைவிட ஒரு மணி பின்தங்கியிருப்பதால், கடிகாரப்படி கிளம்பிய நேரத்திற்கே போய்ச் சேர்ந்துவிடலாம். லகோய்ப் பகுதியின் கடற்கரை சுத்தமானது. குளம், பிள்ளைகளுக்கான விளையாட்டு, காலை உணவு எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும். எனக்குள்ள தயக்கம் என்னவென்றால், அது குடில் விடுமுறை ஆகாது. பெயரில் வில்லா என்றோ காட்டேஜ் என்றோ இருந்தாலும், நடைமுறையில் அது ஹோட்டல். வளாகத்திற்கு வெளியே நடந்துபோய்ச் சாப்பிடக் கடைகள் அரிது. ஆகவே மூன்று வேளையும் ஹோட்டல் விலையில் உண்ண வேண்டும். அறைக்குக் கொடுத்த தொகையை மட்டும் பார்த்து மலிவு என்று மகிழ்ந்தவர்கள், ஆறு பேர் இரண்டு நாள் சாப்பிட்ட கணக்கையும் கூட்டிப் பார்ப்பது நல்லது. தீவின் கிழக்கே திரிக்கோராக் கரையில் எளிய குடில்கள் உண்டு. அவற்றைத் தேடிப் போகிறவர்களுக்கு என் குறை பொருந்தாது. மூன்று நாள் மட்டுமே விடுப்புக் கிடைத்தவர்களுக்குப் பிந்தான் பொருத்தமானது. நான்காம் நாள் சலிப்புத் தட்டிவிடும். 2022 ஜூலையில் தானா மேராவிலிருந்து படகு விடத் தொடங்கிய, மலேசியக் கடற்கரையில் உள்ள தேசாருவைப் பற்றியும் ஏறத்தாழ இதையே சொல்லலாம்.

தியோமானுக்குப் போவது சிரமம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மலேசியாவுக்குச் செல்லும் கடற்பாலத்தைத் தாண்டி, ஜோகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி வழியாக மெர்சிங் வரை சுமார் 130 கிலோமீட்டர். அங்கிருந்து படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் போய் நின்றால் அந்த இரவு அங்கேயே கழிந்துவிடும். ஞாயிறு இரவோ திங்கள் விடியலிலோ கிளம்புவது புத்திசாலித்தனம். சொந்தக் காரில் செல்பவர்கள் எரிபொருள் தொட்டி முக்கால்வாசி நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர்க் கார்களுக்கு 2025 ஜூலை முதல் 300 ரிங்கிட் அபராதம் விதிக்கப்படுகிறது. இந்தியக் கடப்பிதழுடன் இங்கே நிரந்தரவாசிகளாகவோ வேலை அனுமதியிலோ இருக்கும் வாசகர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2023 டிசம்பர் முதல் 2026 இறுதிவரை இந்தியர்களுக்கு மலேசியா விசா விலக்கு அளித்துள்ளது. மின்னிலக்க வருகை அட்டையை மட்டும் முன்கூட்டியே பூர்த்தி செய்ய வேண்டும். இந்தோனேசியாவுக்கான விதிகள் வேறு என்பதால், ஒரே குடும்பத்தில் இருவகைக் கடப்பிதழ் இருப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

தீவில் எந்தக் கிராமத்தில் இறங்குகிறோம் என்பதில்தான் விடுமுறையின் தன்மை அடங்கியிருக்கிறது. படகு கெந்திங், பாயா, தெக்கெக், ஆயர் பாத்தாங், சாலாங் என்று ஒவ்வொரு துறையாக நின்று செல்லும். தெக்கெக்கில் கடைகள், மருந்தகம், தீர்வையற்ற சாக்லேட்டு எல்லாம் உண்டு. ஆனால் அழகு குறைவு. குடும்பத்துடன் செல்வோருக்கு ஆயர் பாத்தாங்கையே பரிந்துரைப்பேன். கரையை ஒட்டி ஓடும் ஒற்றையடி சிமெண்டுப் பாதையின் ஓரத்தில் மரக்குடில்கள் வரிசையாக நிற்கும். முன்திண்ணையில் ஒரு கயிற்று ஊஞ்சல், உள்ளே கொசுவலை, இருந்தால் குளிர்சாதனம், இல்லாவிட்டால் மின்விசிறி. படகுத்துறையின் மேல் நின்று கீழே பார்த்தாலே போதும்: தூண்களைச் சுற்றி மீன்கூட்டம் வளைய வருவதும், பச்சையும் ஊதாவும் கலந்த கிளிமீன் பவளத்தைக் கொறிப்பதும், நீருக்குள் இறங்காத பாட்டிக்கும் கூடத் தெரியும். நீர் கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பவளத்தைப் பார்க்கும் வாய்ப்பு, இந்நான்கு இடங்களில் இங்கேதான் அதிகம். தீவின் மறுபுறம் உள்ள ஜுவாராவுக்குத் தெக்கெக்கிலிருந்து செங்குத்தான மலைப்பாதையில் வண்டியில் போக வேண்டும். நீண்ட மணற்கரையும் ஆமைப் பாதுகாப்பு நிலையமும் அங்கே உள்ளன. ஆமைகள் முட்டையிடும் பருவம் அக்டோபர் வரை நீள்வதால், வாய்த்தால் குஞ்சுகள் கடலுக்கு ஓடுவதையும் பார்க்கலாம்.

உணவுதான் தியோமானின் பலவீனம். பெரும்பாலான குடில்களில் சமையலறை இல்லை. நாசி கோரெங், சுட்ட மீன், ரொட்டிச்சானாய் ஆகியவற்றில் நாட்கள் ஓடிவிடும். ஆனால் மீன்சாறும் பெலாச்சான் எனும் இறால் விழுதும் கலக்காத உணவு மட்டுமே உண்ணும் சைவர்கள் ஒவ்வொரு கடையிலும் நின்று விளக்க வேண்டியிருக்கும். சிறிய மின்சோற்றுப்பானையும் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோகிறவர்களைக் கேலி செய்யத் தோன்றும். இரண்டாம் நாள் அவர்கள் திண்ணையில்தான் கூட்டம் கூடும். அறையில் மின்பானை பயன்படுத்தலாமா என்பதைக் குடில்காரரிடம் கேட்டுக்கொள்வது முறை. மணற்பூச்சிக் கடிக்குக் களிம்பும், போதிய ரொக்கமும் தேவை. கடுமையான நோய்வாய்ப்பட்டால் மீண்டும் படகேறித்தான் ஆக வேண்டும் என்பதே, இதய நோயாளிகளையும் கைக்குழந்தைகளையும் நான் பாசிர் ரிஸ்ஸுக்கு அனுப்புவதற்குக் காரணம்.

யார்க்‌ஷயர் கடற்கரையில் கிடைப்பதுதான் முழுப்பொருளில் குடில்: தனிக் கதவு, தனிச் சமையலறை, தனிக் கணப்பு. பிரிட்டிஷ் வானிலையாளர் கணக்கில் இலையுதிர் காலம் செப்டம்பர் 1 அன்று தொடங்குகிறது. இங்கே நம் பிள்ளைகளுக்கு விடுமுறை விடும் அதே நாள்களில் அங்கே பள்ளிகள் திறந்துவிடுவதால் குடில் வாடகையும் ஆகஸ்ட்டைவிடக் குறையும். மான்செஸ்டருக்குச் சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம் உண்டு; அங்கிருந்து விட்பி, ராபின் ஹூட்ஸ் பே பக்கம் காரில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமமே போதும். சாலையிலும் நம்மைப் போலவே இடப்புறம். வழியில் லீட்ஸ் நகரின் இந்திய மளிகைக் கடைகளில் அரிசி, பருப்பு, கறிவேப்பிலை வாங்கிக்கொண்டால் ஒரு வாரச் சமையலுக்குக் கவலையில்லை. தாளிக்கும்போது மட்டும் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும்; வற்றல் மிளகாய் நெடிக்குப் புகையுணரி அலறி, தெருவே எட்டிப் பார்க்கும்.

கடலில் இறங்குவதைப் பற்றி அங்கே பேச வேண்டாம். நீரின் வெப்பம் சுமார் 14 பாகை. பகலில் வெளியே 16, 17. போக வேண்டியது நடப்பதற்கும், வடிந்த கடலின் பாறைகளில் அம்மோனைட் புதைபடிவங்களைத் தேடுவதற்கும், பின்னாலுள்ள மேட்டுநிலத்தில் ஊதாநிறத்தில் பூத்து ஓயும் ஹெதர் புதர்களைப் பார்ப்பதற்கும். கடலேற்றத்தில் மலைமுகட்டின் அடிவாரம் மூழ்கிவிடும் என்பதால், கடல் ஏறி வடியும் நேரத்தைப் பார்க்காமல் கரையோரம் நெடுந்தூரம் போகக்கூடாது. ராபின் ஹூட்ஸ் பேயில் வருகையாளர்கள் வண்டியை மேட்டிலேயே நிறுத்திவிட்டு, செங்குத்தான சரிவில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். குடிலுக்குள்ளும் மாடிப்படி குறுகல். பாட்டியை அழைத்துப் போகும் எண்ணமிருந்தால் விட்பியின் சமதளப் பகுதியில் வீடு தேட வேண்டும்.

இவ்வளவு நன்மை இருந்தும் பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பத்திற்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை. சுமார் 14 மணி நேர விமானப் பயணம் இருமுறை. 7 மணி நேர வேறுபாட்டில் உறக்கம் கலைந்த இரண்டு நாள். குடில்களோ வெள்ளி முதல் வெள்ளி அல்லது சனி முதல் சனி என்று வாரக்கணக்கில்தான் பெரும்பாலும் வாடகைக்கு விடப்படும். ஒன்பது நாளில் இதை அடக்கப் பார்த்தால், நான்கு பேரின் விமானச்சீட்டுக்குப் பெருந்தொகை கொடுத்து அவசர அவசரமாகத் திரும்ப நேரிடும். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட தம்பதியருக்கு இந்த நெருக்கடி இல்லை. அவர்கள் செப்டம்பரின் பிற்பாதியில் போகலாம்; புரட்டாசி விரதத்திற்கும் சொந்தச் சமையலறை வசதியாக இருக்கும். சிங்கப்பூரர்கள் 2025 ஜனவரி 8 முதல் பிரிட்டனின் மின்னணுப் பயண அனுமதியைப் பெற்றிருக்க வேண்டும். இந்தியக் கடப்பிதழ் உடையோருக்கு விசாவே தேவை என்பதால் அவர்கள் ஜூன், ஜூலையிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

தியோமானைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் உறுதி செய்ய வேண்டியது படகைத்தான். மெர்சிங் துறைமுகம் ஆற்றுமுகத்தில் இருப்பதால், நீர் வடிந்த வேளையில் சேறுதட்டிப் படகு நகராது; கடலேற்றத்தைப் பொறுத்துப் புறப்படும் நேரம் ஒவ்வொரு நாளும் மாறும். அந்த நாளின் நேரம் பிற்பகலாக இருந்தால் விடியற்காலையில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பலாம்; காலை ஏழு, எட்டு மணியாக இருந்தால் முந்திய இரவு மெர்சிங்கில் அறை எடுக்க வேண்டும். படகுச் சீட்டு கைக்கு வந்த பிறகே குடிலுக்குப் பணம் கட்டுங்கள். திரும்பும் படகை ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்காமல் சனிக்கிழமைக்கு வைத்தால், கடற்பாலத்தில் எவ்வளவு நேரம் நிற்க நேர்ந்தாலும் திங்கட்கிழமைப் பள்ளிக்குப் பிள்ளைகள் தூங்கி எழுந்து போவார்கள்.